மீனாளின் முகத்துக்கு நான் வாங்கிவந்த நிறம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதால் பிழைகளும் இருக்கும். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெயில் ஆகாத தோல் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

என் மனைவி மீனாளுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மேலுதட்டில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. ஒரு வருஷத்தில் அது மூக்கு, கன்னம், நெற்றி என்று பரவிவிட்டது. அவள் மணமேல்குடிக் கடற்கரையில் கருவாடு காயப்போடும் வேலை செய்துவந்தாள். நான் அங்கேயே கருவாட்டுக் கொட்டகையில் சாக்குத் தைப்பவன். வெளுத்த இடமெல்லாம் வெயிலில் வெந்து கொப்புளித்தது. கீழுதட்டில் வந்த புண் மூன்று மாதமாக ஆறவில்லை.

தேங்காய் எண்ணெய் தடவினோம், எரிச்சல் கூடியது. சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. முகப்பவுடர் வியர்வையில் போய்விட்டது. கடைசியில் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம்.

"இது குஷ்டம் இல்லம்மா, யாருக்கும் ஒட்டாது," என்றார் டாக்டர். "வெண்புள்ளி. இந்த எடத்துல தோல் வெயிலத் தாங்காது, அவ்வளவுதான். ஆனா ஒதட்டுப் புண்ண இப்படியே விட்டா புத்துநோயா மாறலாம்."

துத்தநாகக் களிம்பு (துத்தநாகத்தைச் சுட்டெடுத்த வெள்ளைப் பொடியைக் கொழுப்பில் குழைத்தது) எழுதிக்கொடுத்தார். முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போடலாம். வெளியே கிளம்புமுன் வெள்ளை தெரியும்படி பூச வேண்டும். வியர்வை துடைத்தால் மறுபடி பூச வேண்டும். களிம்பு போட்டாலும் தலையில் முக்காடு வேண்டும்.

சொன்னபடி செய்தாள். ஆறு வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது.

"மீனா, இன்னிக்கு எந்த ஊர்ல நாடகம்?" என்று கொட்டகைப் பெண்கள் கேட்பார்கள்.

"ஒங்க ஊர்லதான். டிக்கெட்டு எடுத்தாத்தான் உள்ள விடுவேன், ஓசியில வந்துராதீங்கடி," என்பாள் அவள்.

அவளால் சிரிக்க முடிந்தது. நான்தான் அவளுக்குப் பத்தடி முன்னால் நடந்து போவேன்.

திருமயத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வந்தது. அந்த வாரம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நாடகக்காரர்கள் வந்திருந்தார்கள். வேஷம் போட்டுவிடுகிறவரிடம் போய் நின்றேன்.

"அண்ணே, மனுசத் தோல் நெறத்துல பூசுறதுக்கு ஏதாச்சும் வேணும்."

"யாருக்கு? ஒங்களப் பாத்தா ராஜபார்ட்டு மாதிரித் தெரியலையே!"

"வீட்டுல இருக்கவுகளுக்கு. தோல்ல வெள்ளை."

அவர் சிரிப்பை நிறுத்தினார். முத்துவெள்ளை என்கிற வெள்ளைப் பொடியில் மஞ்சள் அரிதாரமும் கொஞ்சம் செந்தூரமும் சேர்த்து எண்ணெயில் குழைத்து ஒரு டப்பாவில் கொடுத்தார். "நாங்க பூசிக்கிறதுதான். பயப்படாதீங்க," என்றார். அவர் அறிந்தே சொன்ன பொய் இல்லை அது.

"டாக்டரக் கேட்டீங்களா?" என்றாள் மீனாள்.

"இதுலயும் வெள்ளைப் பொடிதான் இருக்கு," என்றேன்.

கல்யாண வீட்டில் யாரும் அவள் முகத்தை உற்றுப் பார்க்கவில்லை. பந்தலிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை நான் அவளோடு சேர்ந்து நடந்தேன். வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்குத்தான் கூட நடந்தீங்க," என்றாள். மறுநாளிலிருந்து தினமும் அதையே பூசிக்கொண்டாள். தீரத் தீர, நாடகக்காரர்கள் ஆடும் ஊருக்கே போய் நான் வாங்கிவந்தேன்.

ஐந்தாறு மாதத்தில் சோறு பிடிக்காமல் போயிற்று. வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற அன்று மட்டும் பழைய களிம்பைப் பூசிக் கூட்டிப்போனேன்.

"முகத்துக்கு வேற ஏதாவது போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லைங்க. நீங்க குடுத்ததுதாங்க."

மீனாள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன மூன்று தடவையும் அவர் கேட்டார். மூன்று தடவையும் நான் அதையே சொன்னேன்.

ஒருநாள் காலை கருவாட்டுக் கூடையைத் தூக்கப் போனவளின் வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. வலி இல்லை; விரல் நிமிரவில்லை. ஒரு வாரத்தில் இடது கையும் அப்படியே ஆயிற்று. டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவள் உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய நீலக் கோட்டைக் காட்டினார். "ஈயம் ஒடம்புல ஏறியிருக்கு." (வலையின் அடியில் குண்டாகக் கோர்ப்போமே, அந்த ஈயம்தான்.) டப்பாவை எடுத்து வைத்தேன். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"செந்தூரம், ஈயத்தச் சுட்டது. அரிதாரம், பாஷாணம். நாடகக்காரங்க ஆட்டம் முடிஞ்சதும் கழுவிடுறாங்க. அவங்களுக்கே இது நல்லதில்ல. இந்தம்மா பகல் முழுக்கப் பூசிக்கிட்டு அதே கையால சாப்பிட்டிருக்காங்க. மூணு தடவ கேட்டேனேய்யா?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"யாருக்கு?"



நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வயிற்று வலி நின்றது. மணிக்கட்டுகள் தொங்காமல் நிற்க மரச்சிம்பு வைத்துக் கட்டினார்கள். இடது கை பாதி திரும்பியது. வலது கை நரம்பு மெதுவாகத்தான் வரும், இரண்டு வருஷம் பார்க்கலாம், அதற்குமேல் நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

தோலுக்குப் பூசுவதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லத் தெரியாதவரிடம் எதையும் வாங்காதீர்கள். மற்றவர் கண்ணுக்காக நிறம் தேடாதீர்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்.

இப்போது காலையில் நான்தான் மீனாளுக்கு வெள்ளைக் களிம்பு பூசிவிடுகிறேன். இமை, காது மடல், கழுத்து மடிப்பு எல்லாம் என் விரலுக்குப் பழகிவிட்டன. மதியம் துடைத்து மறுபடி பூசுவேன். பொழுது சாய்ந்ததும் கழுவிவிடுவேன். எங்களுக்கு ஒரு நாள் என்பது இந்த மூன்று வேளைதான். அவளுக்குச் சோறு பிசைந்து கொடுப்பதும் என் கைதான்.

டாக்டர் சொன்ன இரண்டு வருஷம் இன்றோடு முடிகிறது. காலையில் அவள் வலது கையை என் உள்ளங்கையில் வைத்து, "தூக்கிப் பாரு," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். தோள் அசைந்தது. விரல் அசையவில்லை.

"போதுங்க," என்றாள். "வெயில் ஏறுது. களிம்ப எடுங்க."

வைகாசி 3, 1962