ஒரு கை வெடியுப்பு

என் அண்ணன் மனைவியின் சாமந்திச் செடியைக் கொன்றவள் நான். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே, சிரித்த முகத்தோடு செய்தேன்.

ஒரு செடிக்குப் போய் இத்தனை பீடிகையா என்று நீங்கள் கேட்பீர்கள். செடியோடு போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்...

அண்ணன் விஷக் காய்ச்சலில் இறந்தபோது தங்கம் மதினிக்கு இருபத்தெட்டு வயது. குழந்தை இல்லை. வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனவர் ஆறு வருடம் வெளியே தலைகாட்டவில்லை. கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும், "நல்ல காரியத்துல நான் எதுக்கு வடிவு" என்பார். பின்கட்டில் நாலு மண்தொட்டி வைத்துச் சாமந்தி வளர்த்தார். தன் தலையில் வைக்கக் கூடாத பூவை ஒருத்தி அத்தனை ஆசையாக வளர்த்து நான் பார்த்ததில்லை. பூத்ததையெல்லாம் எனக்குத்தான் கொடுத்தனுப்புவார்.

ஐம்பதுகளின் கடைசி அது. சிவகாசியில் வசதியான வீட்டுப் பெண்கள் சேர்ந்து ஒரு மாதர் கழகம் நடத்தினோம். பொங்கல் கழிந்ததும் மலர்க் கண்காட்சி. அவரவர் வீட்டில், அவரவர் கையால் வளர்த்த செடியைத்தான் கொண்டுவர வேண்டும். சாமந்திக்கு ஒரு வெள்ளிக் கோப்பை. அதைத் தொடர்ந்து இரண்டு வருடம் வாங்கியவள் நான். அந்தக் கர்வத்தில் நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

மூன்றாம் வருடம் மதினியை நானே அழைத்தேன். "உங்க செடியையும் கொண்டாங்க மதினி. யாரு என்ன சொல்லிரப் போறாக?" கழகத்தில் எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று சொல்ல வேண்டும், அதுதான் என் ஆசை. அவர் இரண்டாவதாக வருவார், நான் முன்வரிசையில் நின்று கைதட்டுவேன் என்று மனதுக்குள் நாடகமே நடத்தி முடித்திருந்தேன்.

ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "வர்றேன் வடிவு" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் இதைச் செய்தேன்.

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்பு, சாமந்திக்கு ஆகாது. வண்டியில் வரும் நல்ல தண்ணீரில் தான் குடிக்கிற பங்கைக் குறைத்து அவர் செடிக்கு ஊற்றினார். பக்க மொட்டுகளைக் கிள்ளிவிட்டு உச்சி மொட்டு ஒன்றை மட்டும் விட்டார். அச்சாபீசில் கழித்துப் போட்ட காலண்டர்த் தாளைக் கூம்பாகச் சுருட்டி, வெயில் படாமல் மொட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். தொட்டிக்குக் காவி பூசி, இலை இலையாக ஈரத்துணியால் துடைத்தார்.

கண்காட்சிக்கு எட்டு நாள் இருந்தது. தாளைத் தூக்கிக் காட்டினார். பாதிதான் விரிந்திருந்தது, அதற்குள் என் பூவை விடப் பெரியது. எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்: "உன் செடி இலை மட்டும் எப்படி இம்புட்டுப் பச்சையா இருக்கு?"

என் ரகசியம் வெடியுப்பு. என் கணவர் எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலை வைத்திருந்தார். மருந்து கலக்க வாங்கும் வெடியுப்பில் ஒரு சிட்டிகை எடுத்து ஒரு குடம் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் செடி தழைக்கும். பட்டாசு வீட்டுப் பெண்கள் சிலருக்கு இது தெரியும். அளவு மிஞ்சினால் வேர் வெந்துபோகும். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே ஒரு பொட்டலம் கட்டி எடுத்துப்போனேன்.

"எம்புட்டுப் போடணும்?"

"ஒரு செம்புத் தண்ணிக்கு ஒரு கை போடுங்க மதினி."

"ஒரு கையா? கூடிராதா?"

"நான் அப்படித்தானே ஊத்துறேன்."

"நீ சொன்னாச் சரிதான்" என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஆள் அனுப்பினார். போனேன். இலைகளின் ஓரம் தீய்ந்து சுருண்டிருந்தது. பூ தலை தொங்கி நின்றது. என்னைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "நீங்க தப்பாக் கேட்டிருப்பீக மதினி" என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லையே...

"உன் மேல குத்தமில்ல வடிவு. அதே மருந்துதான உன் செடிக்கும்? என் கைதான். தொட்டது தங்காத கை. உங்க அண்ணனும் தங்கல, இதுவும் தங்கல."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். 'கை இல்லை மதினி, அளவு' என்று சொன்னால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்!

கோப்பை எனக்கே கிடைத்தது. அதை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மறுவாரம் மீதி மூன்று தொட்டிகளும் என் வீட்டு வாசலில் வந்து இறங்கின. 'உங்கிட்ட இருந்தாப் பொழச்சுக்கிடும்' என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதன் பிறகு அவர் ஒரு விதைகூட ஊன்றவில்லை.

ஏன் சொல்லவில்லை? முதலில் என் வீட்டார் காறித் துப்புவார்களே என்ற பயம். பிறகு, பழைய புண்ணை எதற்குக் கிளற வேண்டும் என்ற சாக்கு. புண் அவருடையது, கிளற வேண்டாம் என்று முடிவு செய்தவள் நான். என்ன நியாயம் இது?

பல வருடம் கழித்து என் மகள் புது வீடு கட்டினாள். வாசலில் ஒரு முல்லைக் கொடி வைக்க ஆசைப்பட்டு, குழி வெட்டிவிட்டு அத்தையைக் கூப்பிட்டாள். "நீங்க வைங்க அத்தை."

மதினி இரண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டார். "என் கை வேண்டாம்மா. பட்டுப்போகும். உங்க அம்மாவக் கேளு, அவளுக்குத் தெரியும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் கொடியை வாங்கிக் குழியில் வைத்து மண்ணைத் தள்ளினேன்.

அந்த முல்லை இன்று மாடி ஏறிவிட்டது. போன மாதம் மதினி அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். நரைத்த தலை, முன்போல நிமிர முடிவதில்லை. என் வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ராசியான கை வடிவு இது" என்றார்.

வெடியுப்பை அள்ளிப் பொட்டலம் கட்டிய கை அது... அவராக விடும்வரை நான் அதை இழுத்துக்கொள்ளவில்லை.