கரும்புக்காரர் டீயில் போட்ட மாத்திரை

மருந்துக்கடைக்காரன் விற்றது என்ன, வாங்கினவர் விளங்கிக்கொண்டது என்ன என்பதற்கு நடுவே ஒரு கல்வராயன் மலையே நிற்கும். கள்ளக்குறிச்சியில் கடை வைத்து, நானும் சர்க்கரை நோய்க்காரனாகி, சர்க்கரைக்குப் பதிலாக டீயில் போடும் இனிப்பு மாத்திரையையும் விற்கிறேன். சர்க்கரைக்கார சகோதர சகோதரிகளே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

ரகசியம்

சங்கராபுரம் பக்கத்து அந்தோணிசாமி அண்ணன் ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். சர்க்கரை வந்ததும் டாக்டர் எழுதின மாத்திரையோடு இனிப்பு மாத்திரை டப்பாவும் கேட்டார். கேட்டுவிட்டு இருபுறமும் பார்த்தார். "காயிதத்துல சுத்திக் குடுங்க பாய். கரும்பு போடறவன் இத்த வாங்கறத பங்காளிங்க பாத்தா மானம் பூடும்."

வீடியோ

திருக்கோவிலூர் டீச்சரம்மா ஒருநாள் பாதி தீர்ந்த இனிப்பு மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார். இதைச் சாப்பிட்டால் புற்றுநோய் வரும் என்று போனில் வீடியோ வந்ததாம். "அப்படின்னு இன்னும் யாரும் உறுதியா சொல்லலைங்க, அளவோட போட்டா பயமில்லைன்னும் சொல்றாங்க, எதுக்கும் டாக்டரைக் கேளுங்க" என்றேன். அவரோ அன்று காலையே பழையபடி சர்க்கரை போட்டு டீ குடித்துவிட்டாராம். "சர்க்கரைக்கும் வீடியோ இருக்குதே டீச்சர்" என்றேன்.

"அத்த மட்டும் எனக்கு அனுப்பிடாதீங்க பாய்!"

கால் விரல்

போன மாதம் அந்தோணிசாமி அண்ணனை அவர் சம்சாரம் ஸ்டெல்லா அக்கா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். கரும்புத் தோகை கிழித்த கால் விரல் புண் மூன்று வாரமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் சர்க்கரை எக்கச்சக்கம் என்றார்களாம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்பார்களாம். பில் புத்தகத்தைப் புரட்டினேன். நாலு மாதமாக இவர் இனிப்பு டப்பாவை மட்டும்தான் வாங்கினார், டாக்டர் மாத்திரையை வாங்கவே இல்லை. விற்ற எனக்கு அது உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

"டாக்டர் மாத்திரைய ஏண்ணே நிறுத்தினீங்க?" என்றேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "இதுவும் உங்க கடை மாத்திரதானே பாய்? டாக்டரு ரெண்டு வேளைதான் எழுதனாரு, நான் அஞ்சு டீக்கு அஞ்சு போட்டுக்கினு இருந்தேனே!"

விரல் பிழைத்துவிட்டது, ஆனால் அன்றிலிருந்து டப்பா கேட்கிற எல்லாரிடமும் "இது மருந்தில்லை" என்று நான் சொல்ல, "அப்ப இன்னாத்துக்கு மருந்துக்கடையில வெச்சிக்கினு கீறீங்க?" என்று அவர்கள் கேட்க, நான் சில்லறை தேடுவதுபோல் கல்லாவுக்குள் குனிந்துகொள்கிறேன்.