பட்டர்ஃப்ரூட் மரத்தடி மண்

அன்னம்மாள் பிடிவாதக்காரி. பெங்களூர் விவேக் நகரில் பக்கத்து வீட்டில் இருந்து அவளோடு மல்லுக்கட்டியவள் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு. ரிச்மண்ட் டவுனில் வெள்ளைக்காரன் காலத்துக் கல் கட்டடம் ஒன்றில் பிரசவ ஆஸ்பத்திரி நடந்தது. அங்கே ஆயாவாகச் சேர்ந்தவள், நல்ல சம்பளத்துக்கு வேறு இடங்களில் கூப்பிட்டும் போகவில்லை. ஏன் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அவளுடைய ஒரே பிள்ளை அங்கேதான் பிறந்தான், உயிரில்லாமல். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறையில் இடம் தராத காலம் அது. பின்பக்கம் இருந்த பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் அவள் புருஷன் புதைத்தார். வேலைக்குப் போகிற சாக்கில் தினமும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள், பாவி.

ஆஸ்பத்திரியை மூடினார்கள். புருஷனும் போய்ச் சேர்ந்தார். 2004இல் அந்தக் கட்டடத்தை அபார்ட்மெண்டாக மாற்ற ஆரம்பித்தார்கள். இடிக்கவில்லை, அதுவரை புண்ணியம். கல் சுவர் தடிமனாக இருப்பதால் ஏசியே வேண்டாமாம். மொட்டைமாடியில் சோலார், தரைக்கடியில் மழைத்தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? பட்டுப்போன பட்டர்ஃப்ரூட் மரம் நின்ற மூலையில்தான் தோண்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், அன்னம்மாள் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆர்க்கிடெக்ட் நிருபமா சின்னப் பெண். விஷயத்தைக் கேட்டதும் வரைபடத்தை விரித்து அந்த மூலையைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"மழத்தண்ணி எல்லாம் இந்த மூலைக்குத்தான் சரிஞ்சு வருது ஆன்ட்டி. வேற எடத்துல வைக்க முடியாதே," என்றாள் கடைசியில்.

"வைக்க வேணாம்னு யாரும்மா சொன்னா? எம்புள்ளைய எடுத்துக் குடு. அவங்கப்பா பக்கத்துல படுக்க வச்சிடறேன்." பங்குச் சாமியாரிடம் ஏற்கெனவே கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள், கெட்டிக்காரி.

நிருபமா தோண்டுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். கோலார் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்குக் கூலி வேலைக்கு வந்த தாஸ், செருப்பைக் கழற்றிவிட்டுக் கையாலேயே தோண்டினான். அன்னம்மாள் குழி ஓரத்தில் ஒரு புது வெள்ளைத் துண்டை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாய்ந்தது. வேரும் கல்லும்தான் வந்தன. தாஸ் நிமிர்ந்து நின்றான்.

"ஒண்ணுமில்லம்மா. பச்சப்புள்ள எலும்பு, இத்தினி வருசம் எங்க தாங்கும்? மண்ணோட மண்ணா போயிட்டிருக்கும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை. தாஸ் ஒரு பிடி மண்ணை எடுத்து அந்தத் துண்டில் வைக்கப் போனான். அவன் கையைத் தடுத்துவிட்டாள்.

"எந்தப் பிடியில இருக்கான்னு நீ கண்டியா தம்பி? எல்லாத்தையும் அள்ளு."

அந்தக் குழி மண் முழுவதும் டெம்போவில் ஏறியது. முன் சீட்டில் என்னை உட்காரவைத்துவிட்டு அன்னம்மாள் பின்னால் ஏறிக்கொண்டாள். சந்து திரும்பும்போதெல்லாம் சரிகிற மண்ணை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, "மெள்ளப் போப்பா, மெள்ள," என்று டிரைவரிடம் கத்திக்கொண்டே வந்தாள், கல்லறை வரைக்கும்.