புஷ்பாக்காவின் மூன்று பட்டன்கள்

சினிமாக் கூட்டத்தில் ஒருத்தியாகப் பதினோரு வருஷம் வெயிலில் நின்றவள், தனக்கென்று ஒரு கேரவனை ஜெயித்தாள். இந்த மூஞ்சியைப் போஸ்டரில் போட மாட்டார்கள் என்று ஏஜெண்ட் அடித்துச் சொன்ன முகத்தை, தி.நகரில் நகைக்கடை விளம்பரத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஏற்றினாள். கறுப்பு, குண்டு, வயசு நாற்பதைத் தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பிய கம்பெனியே பாலவாக்கம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கால்ஷீட் கேட்டது. சிறந்த குணச்சித்திர நடிகை என்று மூன்று விருதுகள். ஹீரோ வரும்போது கைதட்டிவிட்டு, அவள் வரும்போது எழுந்து நிற்கிற தியேட்டர்கள்.

தங்கபுஷ்பத்திடம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னால், "போண்ணா, உனுக்கு வேற வேல இல்ல" என்பாள். வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவர் அவளுடைய அண்ணன் முத்துகிருஷ்ணன்தான். எட்டாவது வரை படித்தவர். ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால் ஒரு லேடீஸ் டெய்லர் கடையில் கட்டிங் மாஸ்டர். துணியை மூன்று தடவை அளக்காமல் கத்தரியை எடுக்க மாட்டார்.

அவருடைய வரிசையில் ஒன்று மட்டும் வெகுநாள் குறைந்தது. தங்கைக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது.

மயிலாப்பூர் பல்லக்கு மாநகரில் பிறந்த பிள்ளைகள் இருவரும். அப்பா கால் ஒடிந்து படுத்த வருஷம் அண்ணன் தையற்கடைக்குப் போனார். தங்கை ஒன்றாம் வகுப்பின் பாதியில் எழுந்து, ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளப் போனாள். அந்தக் குழந்தை வளர்ந்து கல்லூரிக்குப் போனது. இவள் அதே வீட்டில் சமையலுக்கு மாறினாள். பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ ஒரு நாள், "ஷூட்டிங்குக்கு ஆள் கேக்கறாங்க, சும்மா நின்னா போதும், சோறு நல்லா இருக்கும்" என்று கூட்டிப்போனாள். சோற்றுக்காகத்தான் போனாள்.

பதினோராவது வருஷம் ரேஷன் கடை வரிசை ஒன்றைப் படமாக்கினார்கள். புது ஹீரோவுக்குத் தன் பெயரைச் சொல்கிற வசனமே வரவில்லை. ஏழாவது தடவையும் திக்கியபோது அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னாபா தம்பி, நாங்க இங்க வடாமாட்டம் காஞ்சிகினு கீறோம். நீ இன்னும் உன் பேரையே சொல்லி முடிக்கல?"

யூனிட்டே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. "அதை அப்படியே திருப்பிச் சொல்லும்மா" என்றார். அந்த ஒரு வரி படத்தின் டிரெய்லரில் வந்தது. அதற்கப்புறம் அவள் கூட்டத்தில் நிற்கவே இல்லை.

எழுத்து தெரியாமல் இத்தனை படம் எப்படி? வசனப் பேப்பரை நீட்டினால், "கண்ணாடிய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன், நீ படி கண்ணு" என்பாள். ஒரு தடவை கேட்டால் போதும், மூச்சு விடுகிற இடம்வரை பிடித்துக்கொள்வாள். மறக்கிறாளே என்று ஒரு தயாரிப்பாளர் பிறந்த நாளுக்கு மூக்குக்கண்ணாடி வாங்கித் தந்தார். மறுநாள் முதல் அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள். ஒப்பந்தங்களில் பெருவிரலை உருட்டுவாள்; கேட்டால், "அதான் எனுக்கு ராசி" என்பாள். ஆட்டோகிராப் கேட்டு யாரும் பேனா நீட்டாதபடி செல்போன் வந்து காப்பாற்றியது. எவ்வளவு பேர் வந்தாலும் சலிக்காமல் செல்ஃபிக்கு நிற்கிறாரே, எவ்வளவு எளிமை என்று பத்திரிகையில் எழுதினார்கள். முத்துகிருஷ்ணன் அதைப் படித்துக் காட்டியபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஸ்ரீஹரி என்ற இளம் இயக்குநர் கதையோடு வந்தார். சிரிப்பு வேஷம் இல்லை. படம் முழுக்க இவள்தான். வருஷக்கணக்காக ஓரங்கட்டப்பட்ட ஒரு டீச்சர், கடைசியில் தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறாள். அதோடு படம் முடிகிறது. கையைக் கிட்டத்தில் காட்டப்போகிறார்கள்.

உதவி இயக்குநர் அனுப்ரியாவிடம் மட்டும் புஷ்பம் விஷயத்தைச் சொன்னாள்.

"இதுக்கா இவ்ளோ யோசிக்கறீங்க? கைக்கு மட்டும் வேற ஒருத்தங்கள வெச்சுக்கலாம்க்கா. இதே வளையல் போட்டா யாருக்கும் தெரியாது."

"படம் முச்சூடும் என் மூஞ்சி. அந்தப் பொம்பள ஜெயிக்கிற எடத்துல மட்டும் ஊரான் ஊட்டுக் கையா? வாணாம் கண்ணு. எனுக்கு ஒரு மாசம் குடு."

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ண்ணா, என் பேர எழுதக் கத்துக் குடு."

முத்துகிருஷ்ணன் கட்டிங் மேஜையில் கறுப்பு லைனிங் துணியை விரித்தார். துணியில் கோடு போடும் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தார். எழுத்து என்று சொன்னால் மிரள்வாள் என்று தெரியும். கழுத்து டிசைன் சொல்வதுபோலச் சொன்னார்.

"இது ப. இன்னா மாதிரி கீது?"

"சதுரக் கழுத்து."

"அவ்ளோதான். இது ஷ. பஃப் கை வெச்ச ப்ளவுஸ்னு நெனச்சிக்கோ."

"ஐயோ, இத்த எவன் கண்டுபுடிச்சான்? நம்ம அப்பனுக்கு வேற பேரே கெடைக்கலியா?"

"மூணு எழுத்துக்கு மேல புள்ளி. அதான் பட்டன். பட்டன் இல்லாம ப்ளவுஸ் குடுத்தா கஸ்டமர் இன்னா சொல்வாங்க?"

"மூஞ்சில உட்டெறிவாங்க."

ஒரு மாதம் தினமும் வந்தாள். சாக்பீஸிலிருந்து பேனாவுக்கும், கறுப்புத் துணியிலிருந்து கோடு போட்ட தாளுக்கும் மாறினாள். பட்டன்தான் அடிக்கடி மறந்தது.

படப்பிடிப்பு ஈக்காட்டுத்தாங்கலில், பழைய பட்டறை ஒன்றுக்குள் போட்ட செட்டில். டீச்சர் ப்ளவுஸைத் தைத்தவர் என்ற முறையில் முத்துகிருஷ்ணனும் போயிருந்தார். மேஜைமேல் பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. குனிந்து எழுத்து எழுத்தாகப் படித்தார். 'ச. திலகவதி, தலைமை ஆசிரியை.'

எதையும் மூன்று தடவை அளப்பவர், எந்தப் பெயரை எழுத வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. படம் முழுக்க அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அனுப்ரியா ஓரமாகத் திரும்பிப் பார்த்தாள். முன்னெச்சரிக்கையாக அவள் வரவழைத்திருந்த இன்னொரு பெண் அங்கே, அதே வளையல்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் பலகையைப் படித்துச் சொன்னதும் புஷ்பம் நேராக ஸ்ரீஹரியிடம் போனாள். "சார், எனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் பேரு ஒண்ணுதான் தெரியும், அதுவும் ஒரு மாசமாத்தான். டீச்சர் பேர மாத்திக்கலாமா?"

ஸ்ரீஹரி பெயர்ப்பலகையைக் கையில் எடுத்தார். "அது எங்கம்மா பேரும்மா. டீச்சர். ஹெட்மிஸ்ட்ரஸ் ஆக வேண்டியவங்க, அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே இறந்து போயிட்டாங்க. இந்தப் படத்துலயாவது உக்காரட்டும்னு..."

புஷ்பம் பலகையை மேஜையில் நேராக வைத்தாள். "அப்போ அது இருக்கட்டும் சார். எடுக்கவே கூடாது. அந்தப் பொண்ணக் கூப்புடுங்க" என்று வளையல்காரப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். அங்கே ஒரு நீளப் பலகை தொங்கியது. "ண்ணா, அதுல இன்னா எழுதிகீது?"

"இதுக்கு முன்னாடி ஹெட்மாஸ்டரா இருந்தவங்க பேரெல்லாம்."

"கடைசி வரி காலியாத்தான கீது?" அவள் ஸ்ரீஹரி பக்கம் திரும்பினாள். "அம்மா பேர அங்க எழுதிடு சார். மொதல்ல அவங்க உக்காரட்டும். அவங்க எழுந்து போன நாற்காலில நான் உக்காந்துக்கறேன்."

ஸ்ரீஹரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மெஹபூப் பாய்!" என்று கலை இயக்குநரைக் கூப்பிட்டார். "ஒயிட் பெயின்ட் இருக்கா?"

பெயின்ட் காய ஃபேன் வைத்தார்கள். மேஜைப் பெயர்ப்பலகையும் 'தங்கபுஷ்பம்' என்று மாறியது. வளையல்காரப் பெண் வேடிக்கை பார்க்க முன்னால் வந்து நின்றாள்.

கேமரா ஓடியது. புஷ்பம் நாற்காலியைத் தொட்டு, உட்கார்ந்து, பேனாவைத் திறந்தாள். த வந்தது. பஃப் கை வந்தது, கொஞ்சம் கோணலாக. கடைசி எழுத்தை முடித்துப் பேனாவை மூடினாள். மானிட்டருக்குப் பின்னால் நின்ற முத்துகிருஷ்ணன் எழுத்துகளை எண்ணினார். ஒரு பட்டன்கூட இல்லை!

அவள் நிமிர்ந்தாள். அண்ணன் இருக்கும் இருட்டைப் பார்த்தாள். அவர் தம்மையறியாமல் சட்டையின் மேல் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. பேனாவை மறுபடி திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக வைத்தாள்.

ஸ்ரீஹரி 'கட்' சொல்ல மறந்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் படம் முடிகிறது.

திரையில் அந்தப் பதிவேட்டில் தெரியும் தேதி கதைக்காகப் போட்டது: 3-6-1996. அது கணக்கில் சேராது. தங்கபுஷ்பம் தன் கையால், தன் பெயரால், முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள் 2023, ஜூலை 19, புதன்கிழமை.