படிக்காமல் ஜெபித்த குற்றப்பத்திரிகை

சபையார் எல்லாருக்கும் என் தோத்திரம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அந்தக் கோபத்தால் ஜெயில் வாசல் வரைக்கும் போய்விட்டேன். ஆண்டவர் என்னை எப்படித் திருப்பிக் கூட்டி வந்தார் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அங்கே அங்கன்வாடியில் உதவியாளர் வேலை. பக்கத்து வீடு என் கொழுந்தன் வீடு. அவன் பெண்டாட்டி பாக்கியத்துக்கும் எனக்கும் வாசலில் ஓடுகிற கழிவுத் தண்ணீரால் எப்போதும் தகராறுதான். போன வருஷம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, தெருவே வேடிக்கை பார்க்க அவள் கத்தினாள்.

"பச்சப்பிள்ளைகளுக்கு வந்த சத்துமாவ வீட்டுக்குத் தூக்கிட்டு வாரவதானே நீ!"

பிள்ளைகள் வாய்க்குப் போகிறதைத் திருடுகிறவளா நான்? ஓங்கி ஒரு அறை விட்டேன். அவள் தடுமாறிப் போய்ப் படிக்கட்டில் விழுந்தாள். தலையில் ரத்தம். ஐயோ, அந்த ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்தேன் என்றே எனக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியில் நாலு தையல் போட்டார்கள். அவளுடைய அண்ணன் ஒரு மனு எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கிப் போலீசில் கொடுத்தான். என்மேல் வழக்குப் பதிவானது.

தண்டனை என்று வந்தால் என் வேலை போய்விடும். என் வீட்டுக்காரருக்கு மில் வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. அவர் பயந்துபோய், "ஏட்டி, ஒரு வக்கீலப் பாத்துருவமா?" என்றார்.

"அடிச்சது நெசம். அடிக்கலன்னு போய்ப் பொய் சொல்லவா? எனக்கு ஆண்டவர் இருக்காரு, நீங்க சும்மா கெடங்க" என்று சீறினேன். வக்கீல் வைக்கிறதே பொய் சொல்லத்தான் என்று அன்றைக்கு என் நினைப்பு.

கோர்ட்டுக்குப் போன முதல் நாள் குற்றப்பத்திரிகையையும் மற்ற காகிதங்களையும் நகல் எடுத்து இலவசமாகவே கொடுத்தார்கள். பெரிய கட்டு. அதை வேதப்புத்தகத்தின் மேல் வைத்தேன். தினமும் காலையில் முழங்காலில் நின்று, அந்தக் கட்டின்மேல் கைவைத்து ஜெபித்தேன். "ஆண்டவரே, கோர்ட்டில் என் வாயைத் திறந்தருளும். பயப்படாமல் ஒப்புக்கொள்ளப் பெலன் தாரும்." மூன்று வெள்ளிக்கிழமை உபவாசமும் இருந்தேன்.

அந்த நாள் வந்தது. நீதிபதி அம்மா குற்றச்சாட்டை வாசித்தார்கள். கூண்டில் நின்ற எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பிரிவு, உட்பிரிவு, காயம் என்று என்னமோ கேட்டது. கடைசியில், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்றார்கள்.

வாய் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய் ஓயாதவள் என்று தெருவில் பேர் வாங்கிய நான், ஊமையாக நின்றேன்.

"வக்கீல் இருக்கிறார்களா?" என்று நீதிபதி கேட்டார்கள். இல்லையென்று தலையசைத்தேன். "இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்யலாம். அது உங்கள் உரிமை. வேண்டுமா?" வேண்டுமென்று என் தலை தானாக ஆடியது. வாய்தா போட்டார்கள்.

வெளியே வந்து அழுத அழுகை கொஞ்சமில்லை. ஆண்டவர்மேலேயே எனக்குக் கோபம். அம்புட்டு ஜெபம் பண்ணியும் என்னைக் கைவிட்டுவிட்டாரே என்று புலம்பினேன்.

எனக்குக் கிடைத்த வக்கீல் ஒரு சின்னப் பெண். கட்டை வாங்கிப் பிரித்துக்கொண்டே கேட்டாள். "இதப் படிச்சீங்களாக்கா?"

"ஜெபிச்சேம்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "ஜெபிச்சது சரி. படிச்சீங்களா?"

படிக்கவில்லை. தமிழ் நன்றாக வாசிப்பேன். வேதத்தை முழுக்க வாசித்து முடித்தவள். அந்தக் கட்டை மட்டும் பிரித்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. அவளே வாசித்தாள். நான் "இரும்புக் கம்பியால் தலையில் தாக்கி" ரத்தக்காயம் ஏற்படுத்தியதாக எழுதியிருந்தது.

"கம்பியா! எந்தக் கம்பி? யார் கையில கம்பி இருந்துச்சு?" அலறிவிட்டேன். அவள் தண்ணீர் கொடுத்தாள்.

"இதுக்கு மூணு வருசம் வரைக்கும் ஜெயில் போடலாம்க்கா. அன்னைக்கு ஆமான்னு சொல்லியிருந்தா, அறைஞ்சத இல்ல, இந்தக் கம்பியத்தான் ஒத்துக்கிட்டதா ஆயிருக்கும். பொறவு சாட்சி விசாரணையே வேண்டாம், நேரா தண்டனதான்."

"போலீஸ் கேட்டப்ப அடிச்சேன்னு சொன்னேனே தாயி!"

"போலீஸ்கிட்ட ஒத்துக்கிட்டது கோர்ட்ல செல்லாது. ஜட்ஜ் முன்னால சொல்லுறதுதான் செல்லும். உங்கள யாரும் பொய் சொல்லச் சொல்லல. கம்பியால அடிச்சியான்னு கேக்காங்க. அடிச்சீங்களா?"

"இல்ல."

"அதச் சொல்லுங்க."

அடுத்த வாய்தாவில் சொன்னேன். விசாரணை நடந்தது. எங்கள் வக்கீல் ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வரவழைத்தாள். அடிபட்ட அன்றைக்குப் பாக்கியமே டாக்டரிடம், கையால் அறைந்ததில் படியில் விழுந்ததாகச் சொல்லியிருந்தாள். சாட்சிக் கூண்டில் வைத்து வக்கீல் அதைக் கேட்டதும், பாக்கியம் ஓரமாக நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அழுதுகொண்டே, "கம்பியெல்லாம் இல்லைங்க, கைதான்" என்றாள்.

கம்பி போனது. அறை மிச்சமிருந்தது. அடிபட்டவள் சம்மதித்தால் அதைச் சமாதானமாக முடிக்கச் சட்டத்தில் இடம் உண்டு என்றாள் வக்கீல். நான் வராந்தாவிலேயே பாக்கியத்திடம் போனேன். "நான் கை நீட்டுனது தப்பு பாக்கியம். மன்னிச்சிரு."

"நாஞ் சொன்ன வார்த்தையும் தப்புதான்க்கா. ஆனா கம்பின்னு நான் சொல்லவே இல்ல. அண்ணன் எழுதிட்டு வந்தான், கையெழுத்துப் போடுன்னான், போட்டேன். எனக்கும் யாரும் வாசிச்சுக் காட்டல."

ஒருத்தி வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள், இன்னொருத்தி வாசிக்காமல் ஜெபித்தாள். இரண்டு குடும்பமும் நாசமாகப் போயிருக்கும்.

வழக்கு சமாதானமாக முடிந்தது. எனக்கு விடுதலை. வேலையும் போகவில்லை. பரலோகத்தில் நமக்காகப் பரிந்து பேச ஒருவர் இருக்கிறார் என்று வாராவாரம் பாடுகிற நான், பூமியில் பரிந்து பேச ஒருவர் வேண்டாம் என்று வீம்பு பிடித்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல!

அன்பானவர்களே, உங்களுக்கும் இப்படி ஒரு சோதனை வந்தால் ஜெபியுங்கள். ஜெபித்துவிட்டு வக்கீலைக் கேளுங்கள். காசில்லை என்றாலும் கேளுங்கள், கொடுப்பார்கள். அது விசுவாசக் குறைவில்லை. என் வாயைத் திறக்கும்படி நாள் தவறாமல் கேட்டேன். ஆண்டவர் அதைக் கட்டிப்போட்டார். நான் கேட்டதை அப்படியே கொடுத்திருந்தால், இன்றைக்கு நான் ஜெயிலில் இருந்திருப்பேன்.