மண்டிக்காரர் மாடியும் நாலாயிரம் கட்டங்களும்

செஞ்சியில் கட்டட இன்ஜினியராகப் பிழைப்பதைப் போல ஒரு ரோதனை கிடையாது, எதைச் சொன்னாலும் வந்தவர் என் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கோட்டையைக் கைகாட்டி, "அத கட்டுறப்போ எந்தக் கம்ப்யூட்டர் இருந்துச்சு?" என்று கேட்டுவிடுவார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் உங்கள் ஊரில் இப்படி ஒரு கேள்வி வாய்த்திருக்கும். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. ஆனால் என் கம்ப்யூட்டர் சொன்னதைப் பார்த்து நானே வாயடைத்துப்போன கதை ஒன்று இருக்கிறது.

கொசுவலை

கடைத்தெருவில் வேர்க்கடலை (எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை) மண்டி வைத்திருப்பவர் ஜெயராமன். மண்டிக்குப் பின்னால் ஒரு ஹால். அதில் அவர் மருமகள் கௌரி பன்னிரண்டு பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறாள். ஹாலுக்கு மேலே மாடியில் மூட்டை குடோன். "இந்த வருசம் மல்லாட்ட நல்லா வந்துகீது. இன்னும் ரெண்டு அடுக்கு மூட்ட ஏத்தலாம்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடும்மா" என்று வந்தார். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மனுஷருக்கு முகம் சுண்டிப்போச்சு.

அது இன்னா கணக்கு என்று கேட்டார். ஃபைனைட் எலிமென்ட் என்று சொல்லித் தொலைத்தேன். விழித்தார். "மொத்த மாடியையும் ஒரே மூச்சில் கணக்குப் போட முடியாதுங்கய்யா. மேல கொசுவலையைப் போர்த்தின மாதிரி சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சுக்குவோம். ஒரு கட்டம் எவ்வளவு வளையும், தன் பாரத்தில் எவ்வளவைப் பக்கத்துக் கட்டத்துக்குத் தள்ளும்னு பார்த்து, எல்லாத்தையும் சேர்த்தா மாடி எங்க தொய்யும், எங்க திணறும்னு தெரிஞ்சிடும். உங்க மாடிக்கு நாலாயிரம் கட்டம்" என்றேன். ஸ்கிரீனில் விரலை வைத்துக் கட்டங்களை எண்ணப் பார்த்தார். "நான் மூட்டைய எண்ணுறேன், நீ மாடியவே எண்ணுறியேம்மா!"

எல்லாம் நீலம்

கணக்கு முடிந்ததும் ஸ்கிரீனில் வரும் படத்தில் நீலம் என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் ஆபத்து. முதல் தடவை கணக்கை ஓட்டினேன். ஒரே நீலம். மாடியைத் தாங்கும் பீம் நடுவில் இரண்டு மில்லிமீட்டர்தான் தொய்கிறது என்று வந்தது. பரவாயில்லையே, கெட்டியான கட்டடம்தான் என்று எனக்கே சந்தோஷம். கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

அப்போது வேறு வேலையாக வந்த மேஸ்திரி ஏழுமலை, ஸ்கிரீனை எட்டிப் பார்த்தார். ஹாலுக்காக நடுச்சுவரை எடுத்துவிட்டு அந்தப் பீமை வைத்தவரே அவர்தான். பீமின் இரண்டு முனையிலும் நான் போட்டிருந்த குறியைத் தொட்டு, இது இன்னா என்றார். சுவர் பீமை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம் என்றேன். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அது பழைய செங்கல் சுவர். கம்பி கட்டி இணைக்கவே இல்லையாம். பேனாவை மூடிவிட்டேன். உங்களில் எத்தனை பேர் இந்தத் தப்பைச் செய்திருக்கிறீர்களோ, நான் செய்து, கையெழுத்து வரைக்கும் போய்விட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "யாரும் புடிக்கல மேடம், அது சும்மா மேல குந்திகினு இருக்குது."

ஐந்து மடங்கு

கணக்கில் இரண்டு முனையிலும் அந்தப் பிடிப்பை எடுத்துவிட்டேன். மாற்றியது அவ்வளவுதான். அதே பீம், அதே மூட்டை. மறுபடி ஓட்டினால் இரண்டு மில்லிமீட்டர் பத்து மில்லிமீட்டர் ஆகிவிட்டது! பீமின் நடு வயிறு மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, கிழக்குச் சுவரில் பீம் உட்காரும் இடத்தில் ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டு வந்து நின்றது. புத்தகத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான். ஆனாலும் பன்னிரண்டு பெண்களின் தலைக்கு மேல் அது நிற்பதைப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பயமும் பிரமிப்பும் ஒன்றாக வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜெயராமனைக் கூப்பிட்டு, இரண்டு அடுக்கு ஏற்றுவது இருக்கட்டும், இருக்கிற மூட்டையையே இறக்க வேண்டும் என்றேன். சீசன் நேரத்தில் இப்படிச் சொன்னால் எந்த வியாபாரிக்குத்தான் கோபம் வராது? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு கஸ்டமரின் உரிமையோடு கேட்டார்: "அந்தச் செவப்ப மட்டும் பச்சையா மாத்தி ஒரு பிரின்ட் போட்டுக் குடுத்துடேன்?"

கௌரி

வேறு வழியில்லாமல் நேராகக் கௌரியிடம் போனேன். அதிகம் பேசாத பெண். லேப்டாப்பில் படத்தைக் காட்டினேன். "அக்கா, இந்தச் செவப்பு எந்தப் பக்கம் வருது?" என்றாள். கிழக்கு மூலை என்றேன். திரும்பிப் பார்த்தாள். அங்கே பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண், குனிந்து ஜாக்கெட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தாள்.

கௌரி லேப்டாப்பை மூடினாள். எல்லாரையும் எழுந்திருக்கச் சொல்லி, பன்னிரண்டு மிஷினையும் வாசலில் மண்டி தராசுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வரிசையாகப் போட வைத்துவிட்டாள். வண்டி வந்து நிற்க இடமில்லை. ஜெயராமன் ஓடி வந்து, வியாபாரம் இன்னா ஆவுறது என்று கத்தினார். அவள் குரலை உயர்த்தவே இல்லை: "மூட்டைக்கு வேற எடம் பார்த்துக்கலாம் மாமா, இந்தப் பொண்ணுங்க வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

நூலும் ஸ்கேலும்

வாசலில் வண்டி நிற்க முடியாமல் போனதும் ஜெயராமன் மூட்டையை இறக்க ஒத்துக்கொண்டார். மறுநாள் ஏழுமலை பீமுக்குக் கீழே வரிசையாக முட்டுக் கொடுத்தார். நான் ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நூல் கட்டி, பீமின் வயிற்றில் ஒரு ஸ்கேலைத் தொங்கவிட்டேன். பத்தில் மாடியின் சொந்த எடைக்கான இரண்டு போக, மூட்டை முழுவதும் இறங்கினால் பீம் எட்டு மில்லிமீட்டர் மேலே வர வேண்டும் என்று கம்ப்யூட்டர் சொல்லியிருந்தது. ஜெயராமனிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். கான்கிரீட்டாவது, மேலே வருவதாவது என்று அவர் முறைத்தார்.

மூட்டை இறங்க இறங்க நூலைத் தாண்டி ஸ்கேல் நகர்ந்தது. ஒன்று, இரண்டு, நாலு. இறுக்கி வைத்த முட்டுகள் தாமாகவே ஆட ஆரம்பித்தன. ஏழுமலை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசி மூட்டை இறங்கியதும் ஏழில் நின்றது. நான் ஒரு மூட்டையைத் தொட்டதில்லை, பீமைத் தட்டிப் பார்த்ததில்லை. ரூமில் உட்கார்ந்து கட்டம் போட்டவள். பிறகு ஏழுமலை கிழக்கு மூலையில் பூச்சைக் கொத்தினார். இரண்டு கொத்துதான். பீமுக்கு அடியிலிருந்த செங்கல் மாவாகச் சரிந்து, முந்தின நாள் வரை அந்த வல்லத்துப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில் குவிந்தது.

ஜெயராமன் அந்தக் குவியலைக் கையில் அள்ளிப் பார்த்தார். கைத் தூசைத் துடைக்கக்கூட மறந்து, ஸ்கேலிடம் போய் நின்றார். ஏழு என்று தானே வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எட்டுன்னு சொன்னியேம்மா, மீதி ஒண்ணு எங்க? அந்த ஒண்ணுக்குக் கீழயும் என் மருமகதானே குந்துவா?"

நாம் சொல்வதை ஒருத்தரும் நம்பவில்லையே என்று இத்தனை நாள் புலம்பிய நான், ஒருத்தர் நிஜமாகவே நம்பிவிட்டால் நமக்குத் தூக்கம் போய்விடும் என்பதை அந்த ஒரு மில்லிமீட்டரில் தெரிந்துகொண்டேன்.