மறதி மேடத்தின் கைப்பைத் திருட்டு

பல்கலைக்கழகத்தில் அவருக்கு மறதி மேடம் என்று பெயர். உளவியல் துறையில் நினைவாற்றலைப் பாடமாக நடத்துகிறவர், நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசை முழுக்கத் தேடினால் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? அந்தப் பெயரை வைத்தவர்களுக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலையும் அப்படித்தான். சேர்ந்த அன்று தற்காலிகம் என்றார்கள், இன்றுவரை தற்காலிகம்தான்.

புத்தகத்தைப் பார்த்து ஒப்பிப்பது மேடத்துக்குப் பிடிக்காது. எதையும் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார். அதனால்தான் ஆண்டுதோறும் அந்தத் திருட்டு. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு ஆள் கதவை முட்டித் திறந்துகொண்டு வருவார், கத்துவார், மேசைமேல் இருக்கும் மேடத்தின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். வந்தவன் என்ன சட்டை போட்டிருந்தான், என்ன சொன்னான் என்று மேடம் கேட்பார். ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசியில் திருடரை உள்ளே கூப்பிடுவார். சொன்னதில் பாதி தப்பு என்று தெரிந்ததும் வகுப்பே சிரித்துக் கைதட்டும். "கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்றவங்கள நம்பாதீங்க, அது நீங்களாவே இருந்தாலும்" என்று மேடம் முடிப்பார்.

நூலக உதவியாளர்தான் வழக்கமான திருடர். புத்தகம் அடுக்குவதைவிட இந்த வேலையைத்தான் அவர் உயிரைக் கொடுத்துச் செய்வார். ஆனால் சீனியர்கள் ஜூனியர்களிடம் உளறிவிடுவதால், இப்போதெல்லாம் பிள்ளைகள் திருடனை எதிர்பார்த்தே உட்கார்ந்திருக்கிறார்கள். மேடத்துக்கும் அது தெரியும். புதிதாக ஒன்றை யோசிக்கத் தெம்பு இல்லை. ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று வகுப்புக்கு நடத்தினால், மூன்றாவது தடவை தன் நகைச்சுவைக்குத் தனக்கே கொட்டாவி வருகிறது.

இந்த ஆண்டுத் திருட்டை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று பேசியிருந்தார்கள்.

மேடத்தின் அப்பா ஊரின் மறுகோடியில் தம்பி வீட்டில் இருக்கிறார். கொஞ்ச காலமாகவே அவருக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது. "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போக்கா" என்று தம்பி போனில் கேட்கும்போதெல்லாம் மேடத்திடம் ஒரே பதில்தான்.

"வந்தா யாருன்னு கேக்கப் போறாரு. வந்துட்டுப் போனதும் அடுத்த நிமிஷம் மறந்துடும். பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கிறேன்டா."

படித்த படிப்பு சொல்லவைக்கிற பதில் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். உண்மையில் அது பயம். அப்பா வாயிலிருந்து "நீங்க யாரு?" என்ற கேள்வியைக் கேட்க அவருக்குத் துணிவில்லை.

அன்று மூன்றாவது வகுப்பு. தொண்டை கட்டியிருந்தது. சத்தத்தை அணைத்த போன் மேசைமேல் கைப்பைக்குள் கிடந்தது. கதவு படாரென்று திறந்தது. தம்பி.

"எத்தன தடவை போன் பண்றது?" என்று ஆரம்பித்தவன் கையை ஆட்டி ஆட்டி ஏதேதோ கத்தினான். மேடத்தின் காதில் அதற்குமேல் எதுவும் ஏறவில்லை. வகுப்பு முழுக்கத் திரும்பிய தலைகள்தான் கண்ணில் பட்டன. அவமானத்தில் முகம் எரிந்தது.

"வந்துட்டாருடா திருடரு!" என்று பின்வரிசையில் ஒருவன் கூவினான்.

"வெளிய இரு. முடிச்சிட்டு வர்றேன்" என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

தம்பி அவரை ஒரு கணம் பார்த்தான். பிறகு, இதை எடுத்தாலாவது பின்னால் வருவாள் என்பதுபோல் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினான். வகுப்பு கைதட்டியது.

அது என் தம்பி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குடும்பக் கதையை விளக்குவதைவிடப் பாடத்தை நடத்திவிடுவது சுலபமாகப் பட்டது. பழகிய நாக்கு தானாகவே கேட்டது: "சரி, என்ன பாத்தீங்க?"

"கறுப்புச் சட்ட மேடம்."

"நீலம்டா, குருடா!"

"கையில கத்தி வச்சிருந்தாரு மேடம்."

"அது வண்டிச் சாவிடா, பயந்தாங்கொள்ளி."

வெள்ளைச் சட்டை என்றுதான் மேடத்துக்கே தோன்றியது. நேரம் ஓடியது. மணி அடிக்கப் போகிற சமயத்தில், வாயே திறக்காத முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"அவரு அழுதாரு மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"நெஜமாத்தான். அப்பாவுக்குக் காலைலேருந்து எல்லாம் ஞாபகம் வந்திருக்கு, உன்னைப் பேர் சொல்லிக் கேக்குறாரு, இது எவ்வளவு நேரம் நிக்கும்னு தெரியல, இப்பவே வாக்கான்னு சொன்னாரு."

"ஆமா மேடம், அப்படித்தான் சொன்னாரு" என்றான் கத்தியைப் பார்த்தவன். நீலமும் கறுப்பும்கூடத் தலையாட்டின. சட்டை நிறத்தில் அடித்துக்கொண்ட வகுப்பு இதில் மட்டும் ஒரே குரலாக நின்றது. அத்தனை பேர் காதிலும் விழுந்தது தன் காதில் மட்டும் விழவில்லை என்று மேடத்துக்குப் புரிந்தது.

"மேடம், திருடரக் கூப்பிடுங்க! சட்டையப் பாக்கணும்!"

மேடம் ஓடினார்.

தம்பி மாடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. போட்டிருந்தது பச்சைக் கட்டம் போட்ட பழைய சட்டை. மேடம் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு எடுத்துக்கொடுத்தது. கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறான்.

"இன்னும் தெளிவா இருக்காரா?"

"நான் கெளம்பும்போது இருந்தாரு. அப்பவே வந்திருக்கலாம்லக்கா?"

பின்னாலேயே வந்து வாசலில் முண்டியடித்த பிள்ளைகள் பச்சை பச்சை என்று கத்திக் கைதட்டினார்கள். தம்பி திருதிருவென்று விழித்தான்.

"எதுக்குத் தட்டுறாங்க?"

"நீ நல்லா நடிச்சியாம்டா" என்றார் மேடம். முன்வரிசைப் பெண் மட்டும் கைதட்டாமல் நின்றாள்.

தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, அந்தச் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டே போனார். சிக்னலுக்குச் சிக்னல் நின்றார்கள்.

அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரியிருந்தது. மேடத்தைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க, உக்காருங்க. என் பொண்ணு வர்ற நேரம்தான். காலேஜ்ல பாடம் நடத்துறா. வகுப்பு முடியாம பாதியில எழுந்து வரமாட்டா, பாவம்."

மேடம் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பரவால்லைங்க. அவ வர்றவரைக்கும் நான் இருக்கேன்."